திறப்பு விழாவுக்கு மறுநாள்

2007 ஏப்ரல் 6-ஆம் தேதி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜாக்சன் மாவட்டத்துப் பொது நூலகங்கள் எல்லாம் பூட்டப்பட்டன. மொத்தம் 15. மெட்ஃபோர்டு நகரின் பெரிய நூலகம் முதல் மலையடிவாரச் சிற்றூர்களின் கிளைகள் வரை ஒன்றுகூட விடுபடவில்லை.

கட்டடங்கள் இடிந்து விழும் நிலையில் இருந்திருந்தால் அதையாவது ஒரு காரணமாகச் சொல்லியிருக்கலாம். அவை எல்லாம் புதியவை. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 2000-இல், அந்த மாவட்ட மக்கள் வாக்களித்து 3 கோடியே 89 லட்சம் டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட ஒப்புதல் தந்திருந்தார்கள். அந்தப் பணத்தில் 15 கிளைகளும் புதிதாகக் கட்டப்பட்டன, அல்லது விரிவாக்கிப் புதுப்பிக்கப்பட்டன. அந்தக் கடனை வரியாக அடைத்துக்கொண்டிருந்த மக்களே பூட்டிய கதவுக்கு வெளியே நின்றார்கள்.

நடந்தது இதுதான். கடன்பத்திரப் பணத்தில் கட்டடம் எழுப்பலாம். நூலகருக்குச் சம்பளம் தர முடியாது. சம்பளமும் மின்கட்டணமும் புத்தகச் செலவும் வேறொரு வழியில் வந்துகொண்டிருந்தன. அந்த மாவட்டத்தின் பெரும் பரப்பு மத்திய அரசின் காடு. அரசு நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது. அதற்கு ஈடாக, அங்கே வெட்டி விற்ற மரத்தின் வருவாயில் ஒரு பங்கை மத்திய அரசு மாவட்டத்துக்குக் கொடுத்துவந்தது. 1990-களில் புள்ளி ஆந்தை இனத்தைக் காப்பதற்காக மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு வந்தது, வருவாய் சரிந்தது. 2000-இல் ஒரு சட்டம் போட்டு, சில ஆண்டுகளுக்கு மட்டும் மானியம் கொடுத்து இழப்பை ஈடுகட்டினார்கள். 2006-இல் அந்தச் சட்டத்தின் காலம் முடிந்தது. முடியப்போகும் ஆண்டு அதன் முதல் நாளிலேயே எல்லாருக்கும் தெரியும். நூலகக் கட்டடங்களுக்கு மக்கள் வாக்களித்ததும் அதே 2000-ஆம் ஆண்டில்தான்.

ஆறு மாதம் கழித்து, அக்டோபரில், நடத்தும் பொறுப்பு ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, திறந்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைக்கப்பட்டு நூலகங்கள் திறந்தன. நூலகத்துக்கென்றே வரி விதிக்கும் தனி அமைப்புக்கு மக்கள் ஒப்புதல் தர 2014 வரை ஆயிற்று. கலிபோர்னியாவில் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் பிறந்த சலினாஸ் நகரிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். 2004-இல் அந்த நகர மன்றம் தன் மூன்று நூலகங்களையும் மூடுவதென்று முடிவெடுத்தது. அவற்றில் ஒன்று ஸ்டைன்பெக் பெயரிலேயே இருந்தது. மறு ஆண்டு மக்கள் வாக்களித்துக் கூடுதல் விற்பனை வரியை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவை பிழைத்தன.

பணக்கார நாடு, படித்த மக்கள், புதுக் கட்டடம் எல்லாம் இருந்தும் இது நடந்தது. அதனால்தான் தமிழ்நாட்டில் இப்போது நடப்பதைப் பார்த்து மகிழ்ச்சியும் கவலையும் எனக்கு ஒன்றாக வருகின்றன. 2010-இல் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 170 கோடி ரூபாய்க்கு மேல் செலவில். 2023 ஜூலை 15 அன்று மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், 200 கோடிக்கு மேல். கோவைக்கும் திருச்சிக்கும் இதே போன்ற பெரிய நூலகங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. சென்னையில் புதுப் பூங்காக்கள் வரிசையாகத் திறக்கப்படுகின்றன. இவை வேண்டியவை. ஒரு தலைமுறைக்கு முன்பே வந்திருக்க வேண்டியவை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையிலிருந்து, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு, இவற்றை நடத்தும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்?

யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் ஊரில் சொல்வார்கள். யானை வாங்கும் செலவு ஒருமுறை வருவது. தீனிச் செலவு தினமும் வருவது. அரசுக் கணக்கில் முன்னதற்கு மூலதனச் செலவு என்றும் பின்னதற்கு வருவாய்ச் செலவு என்றும் பெயர். மூலதனச் செலவுக்கு மாநில அரசு, மத்திய அரசுத் திட்டம், உலக வங்கி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று பல கதவுகள் திறக்கும். அடிக்கல்லும் கல்வெட்டும் நாளேட்டுப் படமும் அதோடு சேர்ந்து வரும். வருவாய்ச் செலவுக்குத் திறப்பது பெரும்பாலும் ஒரே கதவு. உள்ளூர் வரி. துப்புரவுப் பணியாளரின் சம்பளத்துக்கு எந்த ஊரிலும் அடிக்கல் நாட்டு விழா நடந்ததில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் 2013-இல் ஏறக்குறைய 19 கோடி பவுண்டு செலவில் ஒரு நூலகம் கட்டியது. மலாலா யூசுப்சாய் வந்து திறந்துவைத்தார். உலகம் முழுவதிலிருந்தும் கட்டடக் கலைஞர்கள் வந்து பார்த்தார்கள். கட்டக் கடன் வாங்கியிருந்ததால், வட்டியே மாதத்துக்குப் பத்து லட்சம் பவுண்டு அளவில் போனது. இரண்டே ஆண்டுகளில், 2015-இல், வாரத்துக்கு 73 மணி நேரம் திறந்திருந்த நூலகம் 40 மணி நேரமாகச் சுருங்கியது. பணியாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருடைய வேலை வெட்டுப் பட்டியலில் ஏறியது. 2023 செப்டம்பரில் அந்த மாநகராட்சி, தன் வருவாய்க்குள் செலவு செய்ய இயலவில்லை என்று சட்டப்படி அறிவித்தது. அதற்குப் பெரிய காரணங்கள் வேறு: பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டியிருந்த சம ஊதிய நிலுவை, தோற்றுப்போன ஒரு கணினித் திட்டம். நூலகம் அந்தக் குழியைத் தோண்டவில்லை. ஆனால் குழியை மூடுவதற்கு முதலில் கைவைத்த இடங்களில் பேட்டைகளின் சிறு நூலகங்களும் இருந்தன. எங்கேயும் நடப்பது இதுதான். குப்பை அள்ளுவதை ஒரு நாள் நிறுத்தினால் ஊர் நாறும், மறுநாளே சண்டை வரும். நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவதை மூன்று ஆண்டு நிறுத்தினாலும் தெருவில் யாரும் இறங்கமாட்டார்கள்.

இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்ட ஒரு பணக்காரர் ஆண்ட்ரூ கார்னகி. உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குக் கட்டடப் பணம் கொடுத்தவர். அவர் போட்ட நிபந்தனை எளியது. நிலம் ஊர் தர வேண்டும். அவர் கொடுக்கும் தொகையில் 10 சதவீதத்தை ஊர் தன் வரிப் பணத்திலிருந்து ஆண்டுதோறும் நூலகத்துக்குச் செலவிடுவதாக எழுதித் தர வேண்டும். எழுதித் தர மனமில்லாமல் பல ஊர்கள் அவருடைய பணத்தையே வேண்டாம் என்று விட்டன. அவை நாணயமான ஊர்கள் என்றே நான் நினைக்கிறேன். எழுதித் தந்த பல ஊர்கள் சொல்லைக் காப்பாற்றவில்லை என்பது பின்னால் ஆய்வு செய்தபோது தெரிந்தது. அதன் பிறகு கார்னகி அறக்கட்டளை புதிதாகக் கட்டடம் கட்டித் தருவதையே நிறுத்திக்கொண்டது.

அந்தப் பத்து சதவீதத்தை நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 200 கோடிக்குக் கட்டிய நூலகத்துக்கு ஆண்டுக்கு 20 கோடி. நம் ஊர்ச் சம்பளமும் நிலவரமும் வேறு என்பதால் அந்த விகிதம் அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் ஒரு விகிதம் வேண்டும். குளிரூட்டும் எந்திரமும் மின்தூக்கியும் தீயணைப்புக் கருவிகளும் உள்ள எட்டு மாடிக் கட்டடம், யாரும் வராத நாளிலும் பணம் கேட்கும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமாக இருக்கக் கூடாது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் பிறந்தது இங்கேதான், 1948-இல், சென்னை மாகாணத்தில். அதன் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலகத்தை வளர்ந்துகொண்டே போகும் ஓர் உயிராகப் பார்த்தவர் அவர். வளரும் உயிருக்கு ஆண்டுக்கு ஆண்டு சோறு கூடுதலாக வேண்டும் என்பதால், அரசின் மனநிலையை நம்பி அதை விடக் கூடாது என்று நினைத்தார். அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் அதன் மேல் ஒரு சிறு பங்கை நூலகத்துக்கென்று கட்ட வேண்டும். இன்று அது 10 சதவீதம். நூறு ரூபாய் சொத்து வரி என்றால் நூலகத்துக்குப் பத்து ரூபாய். மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் இதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். கடைநிலைக் கிளை நூலகத்தின் நாளிதழ்ச் சந்தாவும் புத்தகமும் வாடகையும் இதில் நடக்கின்றன. தமிழ்நாட்டின் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு இந்த வரிதான் முதல் காரணம். ஜாக்சன் மாவட்டம் 2014-இல் போய்ச் சேர்ந்த இடத்தில் நாம் 1948-லேயே இருந்தோம்.

அந்த வரி இரண்டு இடங்களில் ஒழுகுகிறது.

முதல் ஓட்டை வெளியே தெரியாதது. நூலக வரி சொத்து வரியின் நிழல். சொத்து வரி வளராவிட்டால் அதுவும் வளராது. சென்னையில் 1998-இல் சொத்து வரியைப் பொதுவாகச் சீராய்வு செய்தார்கள். அதன் பிறகு 2018-இல் உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். 2022-இல்தான் 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வு நடைமுறைக்கு வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகள். அந்தக் காலத்தில் காகித விலை என்ன ஆயிற்று, புத்தக விலை என்ன ஆயிற்று, கட்டட வாடகை என்ன ஆயிற்று என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1998-இல் பிறந்த குழந்தை பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கக் கிளை நூலகத்துக்கு வரும் வயது வரை, அந்த நூலகத்துக்கு வரும் வரியின் விகிதம் நகரவில்லை. ஊரில் புது வீடுகள் எழுந்ததால் மொத்த வசூல் கூடியிருக்கும். ஆனால் புது வீடுகளோடு புது வாசகர்களும் வந்தார்கள். வரி உயர்வை எதிர்ப்பது எந்தக் கட்சிக்கும் எளிது. 2022-இல் ஒரே மூச்சில் ஏறியது பலருக்கு வலித்தது உண்மை. ஆண்டுக்குச் சிறிது சிறிதாக உயர்த்தியிருந்தால் அந்த வலி வந்திருக்காது, நூலகமும் பட்டினி கிடந்திருக்காது.

இரண்டாவது ஓட்டை, வசூலான பணம் போய்ச் சேராதது. உள்ளாட்சிகள் மக்களிடம் வாங்கிய நூலக வரியை நூலக ஆணைக்குழுவிடம் உரிய நேரத்தில் கொடுக்காமல் வைத்திருப்பது பல ஆண்டுகளாகச் செய்தியாகிவருகிறது. சென்னை மாநகராட்சியும் இதற்கு விலக்கில்லை. இதில் திருட்டு ஏதுமில்லை. சம்பள நாள் நெருங்கும்போது, மழைநீர் வடிகால் ஒப்பந்ததாரர் வாசலில் நிற்கும்போது, கணக்கில் இருக்கும் பணம் அவசரத்துக்குப் போய்விடுகிறது. இதற்கு ஓர் அமைப்புக் காரணம் உண்டு. அரசியல் சட்டத்தின் 12-ஆம் அட்டவணை நகராட்சிகளுக்கான 18 பொறுப்புகளைச் சொல்கிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவை அதில் பெயர் சொல்லி இடம்பெறுகின்றன. நூலகம் என்ற சொல் அதில் இல்லை. ஊராட்சிகளுக்கான 11-ஆம் அட்டவணையில் இருக்கிறது. ஆக, சென்னையில் வரி வாங்குவது மாநகராட்சி, நூலகம் நடத்துவது பள்ளிக் கல்வித் துறையின் கீழுள்ள பொது நூலகத் துறை. மாநகராட்சியின் பார்வையில் நூலக வரி என்பது தன் வழியாகப் போகும் அடுத்தவர் பணம். கிளை நூலகத்தில் ஒழுகும் கூரையைப் பற்றி வார்டு உறுப்பினரிடம் சொன்னால் அது எங்கள் துறை இல்லை என்பார். அவர் சொல்வதில் தவறும் இல்லை.

நடுவில் நசுங்குகிறவர்களை நூலகத்துக்குப் போகும் எவரும் பார்த்திருப்பார்கள். பகுதிநேர நூலகங்கள், சிறப்புக் காலமுறை ஊதியத்தில் ஊர்ப்புற நூலகர்கள். நூலகரே கூட்டிப் பெருக்கி, பதிவேடு எழுதி, பக்கத்துக் கடைக்காரரிடமும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடமும் ஆயிரம் ரூபாய் கேட்டுப் புரவலர் சேர்க்க வேண்டும். வாசகர் வட்டம் மின்விசிறி வாங்கித் தரும். இந்த அன்பு பெரியது. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சட்டப்படி வரி கட்டிய மக்கள், அதே நூலகத்துக்கு நன்கொடையும் கொடுத்து மின்விசிறி மாட்டும் நிலை வந்திருக்கிறது என்றால், எங்கோ குழாய் உடைந்திருக்கிறது.

பூங்காவின் நிலை இதைவிடப் பலவீனமானது. நூலகத்துக்காவது ஒரு வரி உண்டு. பூங்காவுக்கு அதுவும் இல்லை. மாநகராட்சியின் பொது வருவாயில் குப்பை, சாலை, விளக்கு, கொசு மருந்து, சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் போன பிறகு மிச்சத்தில் அது வாழ வேண்டும். சென்னை மாநகராட்சியிடம் இன்று 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. 2011-இல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆனது. நகரம் இரண்டரை மடங்கு பெருத்தபோது, சேர்ந்த பகுதிகளோடு வந்தவற்றில் பல பூங்காக்கள் பெயரளவில் பூங்காவாக இருந்த மண்மேடுகள். அவற்றை உருவாக்கத் திட்ட நிதி கிடைக்கிறது. மத்திய அரசின் அம்ருத் திட்டத்தில்கூடப் பூங்காவுக்கென்று ஒரு பங்கு உண்டு. பராமரிப்பு மட்டும் ஒப்பந்தக்காரர் கையில்.

ஒரு பூங்கா எப்படிச் சாகிறது என்று அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் போவது கழிப்பறை. தண்ணீர் வரவில்லை என்று பூட்டுவார்கள். கழிப்பறை இல்லாத பூங்காவுக்குப் பெண்கள் வருவது குறையும். பிறகு முதியவர்கள். குறைந்த தொகைக்கு டெண்டர் எடுத்தவர் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் ஆள்கூலி ஒன்றுதான். மூன்று பேர் செய்த வேலைக்கு ஒருவர் வருவார். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கெட்டால் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா இல்லையா என்று கடிதம் ஓடும். ஒரு கோடை தண்ணீரில்லாமல் போனால் புல் போய்விடும். புல் போனால் அடுத்த மழைக்கு மண் கரைந்து வடிகாலில் இறங்கும். ஊஞ்சல் சங்கிலி அறுந்த அன்று அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். யாரும் மாற்றாததால் இன்னொரு சங்கிலியும் போய், கம்பம் துருப்பிடித்து, ஆபத்து என்று பிடுங்கி எடுத்துவிடுவார்கள். மாலையில் விளக்கு எரியாது. குடிக்க வருகிறவர்கள் வருவார்கள். குடியிருப்போர் சங்கமே வந்து, இதைப் பூட்டிவிடுங்கள் என்று மனு கொடுக்கும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து மறுசீரமைப்பு என்று கோடியில் ஒரு மதிப்பீடு போடப்படும். சில நூறு ரூபாய் சங்கிலிக்கு வழியில்லாத கணக்கில், கோடிக்கு வழி பிறக்கும், ஏனென்றால் அது மூலதனச் செலவு. வெள்ளத்துக்குப் பிறகு மழைநீரை உறிஞ்சச் சென்னையில் அமைத்த ஸ்பாஞ்ச் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். குட்டையை ஒவ்வோர் ஆண்டும் தூர்வாராவிட்டால் அது வெறும் பள்ளம்.

பாழடைந்த பூங்காவுக்கு அடுத்த ஆபத்து, அதன் நிலத்தின் மேல் விழும் கண். அந்தக் கண் எப்போதும் ஆக்கிரமிப்பாளருடையதாக இருப்பதில்லை. ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில், 1859-ஐ ஒட்டி, சென்னையில் மக்கள் பூங்கா என்று ஒன்றை அமைத்தார்கள். 116 ஏக்கர். இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குளங்களும் நடைபாதைகளும் பின்னாளில் மிருகக்காட்சிச் சாலையுமாக இருந்தது. அதில் முதலில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது. பிறகு மூர் மார்க்கெட். 1913-இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை. பிறகு விளையாட்டரங்கம். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கே ரயில் நிலைய விரிவாக்கம். மிருகக்காட்சிச் சாலை வண்டலூருக்குப் போனது. இதில் எது தேவையற்றது? ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியதுதான். நல்ல காரணங்களாலேயே 116 ஏக்கர் தீர்ந்துபோயிற்று. இன்று வால்டாக்ஸ் சாலைப் பக்கத்துக் குழந்தைக்கு ஓடியாட எவ்வளவு இடம் மிச்சம் என்று அங்கே போய்ப் பார்த்தால் தெரியும்.

பெங்களூரில் பூங்காவுக்கென்று வரைபடத்தில் ஒதுக்கிய ஓர் இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. திறந்தவெளி என்பது நகரவாசிகளின் நலத்துக்கான உரிமை, அதை ஓர் உத்தரவால் மாற்ற முடியாது என்ற அந்தத் தீர்ப்பை இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். 2011 நவம்பரில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றிவிட்டு அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்குவதாக அறிவிப்பு வந்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் அதன் பராமரிப்பு பற்றியும் நீதிமன்றம் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. இரண்டிலும் எதிரே நின்றது மருத்துவமனை. மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பூங்காவும் நூலகமும் எப்போதும் தங்களைவிட அவசரமான ஒன்றின் முன்னால்தான் நிறுத்தப்படுகின்றன. சட்டப் பாதுகாப்பு இல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டில் அவை ஒருநாளும் ஜெயிக்காது.

தமிழ்நாட்டின் கட்டட விதிகளில் பாதுகாப்பு ஒன்று உண்டு. திறந்தவெளி ஒதுக்கீடு, பேச்சுவழக்கில் ஓ.எஸ்.ஆர். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையை மேம்படுத்துகிறவர், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட வழி உண்டு. எனக்கு உறுத்துவது இந்த இடைப்பட்ட பகுதி. நெருக்கமான பேட்டையில் நடுத்தர அளவு மனைகள்தான் அதிகம். ஒவ்வொருவரும் பணமாகக் கட்டிவிட்டால் வீடுகள் எழும், ஆட்கள் கூடுவார்கள், அந்தத் தெருவில் ஓர் அடி திறந்தவெளியும் புதிதாக வராது. கட்டிய பணம் அதே வட்டாரத்தில் நிலமாகத் திரும்பினால்தான் விதிக்குப் பொருள் உண்டு. தானமாக எழுதிக் கொடுத்த நிலங்களிலும், வேலி போடாமல், பலகை வைக்காமல் விட்டவை வண்டி நிறுத்துமிடமாகவும் கட்டுமானக் குப்பை கொட்டும் இடமாகவும் மாறிக் கிடக்கின்றன. பத்திரம் அலுவலக அலமாரியில் இருக்கும். அந்த நிலம் தங்களுடையது என்று அக்கம்பக்கத்தாருக்கே தெரியாது.

பணமில்லாத நிர்வாகம் கடைசியில் கட்டணத்தின் பக்கம் திரும்பும். 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம், செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க அனுமதிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே பின்வாங்கியது. பின்வாங்கியது நல்லது. ஆனால் அந்தத் தீர்மானம் எழுந்த காரணம் அங்கேயேதான் இருக்கிறது. செயற்கைப் புல்தரை சில ஆண்டுகளில் தேயும். அதை மாற்றும் பணம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால், வேறொரு அக்டோபரில் வேறொரு தீர்மானம் வரும். அதே மாதம் கதீட்ரல் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்குப் பெரியவருக்கு 100 ரூபாய் நுழைவுச்சீட்டு. அழகான இடம், பார்க்க வேண்டியது. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளுமாக ஒரு கூலிக் குடும்பம் அதை மாதத்துக்கு எத்தனை முறை பார்க்கும்? கட்டணப் பூங்கா நன்றாக இருக்கும், இலவசப் பூங்கா பாழாக இருக்கும் என்ற நிலை பழகிவிட்டால், பணம் கொடுத்தால்தான் பூங்கா என்பது நியாயமாகவே தோன்ற ஆரம்பிக்கும்.

செய்ய வேண்டியவை கடினமானவையோ புதியவையோ இல்லை. அடிக்கல் நாட்டும் முன், அந்த நூலகத்துக்கு அல்லது பூங்காவுக்குப் பத்து ஆண்டுகளில் ஆகும் நடத்தும் செலவு, அதற்கான வருவாய், பணியிடங்களின் எண்ணிக்கை மூன்றையும் அரசாணையிலேயே எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் சிறிதாகக் கட்ட வேண்டும். ஒரு பெரிய நூலகத்தைத் திறக்கும் ஆண்டில், அதே மாவட்டத்தின் கிளை நூலகங்களுக்குப் போகும் தொகை குறைந்ததா என்று சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலங்களின் பட்டியலை வார்டு வாரியாக, சர்வே எண்ணோடு, அளவோடு, இன்றைய படத்தோடு வெளியிட வேண்டும். பராமரிப்பு டெண்டரில் குறைந்த தொகையை மட்டும் பார்க்காமல், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், மோட்டார் யார் பொறுப்பு என்பதை எழுதி, அதைப் பூங்கா வாசலிலேயே பலகையில் வைக்க வேண்டும்.

நூலக வரிக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. சென்னையில் பலர் இப்போது சொத்து வரியை இணையத்தில் கட்டுகிறார்கள். கட்டும் கணத்திலேயே நூலகப் பங்கைப் பிரித்து நேராக நூலக ஆணைக்குழுவின் கணக்கில் சேர்ப்பதற்கு எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் சொத்து வரி கட்டுபவருக்கு மாநகராட்சி 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை தருகிறது. தாமதித்தால் வட்டி கேட்கிறது. அதே முப்பது நாள் கெடுவையும் அதே வட்டியையும், நூலக ஆணைக்குழுவுக்கு மாநகராட்சி தர வேண்டிய தொகைக்கும் சட்டத்தில் எழுத வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்பே அந்தத் திருத்தத்தைக் கொண்டுவர முடியும்.